சப்வூஃபரில் தீராத இரைச்சல், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹாலில் ஏவி ரிசீவர், தனி பவர் ஆம்ப், சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்), டர்ன்டேபிள், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்ந்துவிட்டன. (வீட்டில் இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.)

பாட்டு ஓடாதபோதும் சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ரிசீவரில் வால்யூமைக் குறைத்தாலும் அதே அளவுதான். டிஷ் கேபிளைக் கழற்றினால் சட்டென்று அடங்குகிறது. அதனால் கிரவுண்ட் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவதால் வரும் இரைச்சல்) என்றே நினைக்கிறேன். சப்வூஃபர் எதிர்ச்சுவர் பிளக்கில் இருக்கிறது. மற்றதெல்லாம் டிவிக்குப் பின்னால் ஒரே 6 ஆம்ப் பிளக்கில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக.

எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொன்னார் எலக்ட்ரீஷியன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, அது மட்டும் வேண்டாம்.

டிஷ் கேபிளில் ஐசோலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டித்து, சிக்னலை மட்டும் விடும் கருவி) போடலாம் என்றால், எல்என்பிக்கு (டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் பகுதி) டிசி மின்சாரம் அந்தக் கேபிளில்தானே போகிறது? சாதாரண ஐசோலேட்டர் அதைத் தடுத்துவிடுமே. டிசியை விடும் வகை யாராவது வாங்கியிருக்கிறீர்களா? இல்லை, 16 ஆம்ப் லைன் ஒன்றைத் தனியாக இழுத்து, சப்வூஃபர் உட்பட எல்லாவற்றையும் அதிலேயே கொடுத்தால் சரியாகுமா? அப்புறம், சதுர அலை இன்வெர்ட்டரில் பவர் ஆம்ப் ஓட்டுபவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.