ராஜினாமாக் கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்

வெள்ளிமுடி:
எனக்கு 51 வயது. ஒரே நிறுவனத்தில் 19 ஆண்டுகள். போன வாரம் கூப்பிட்டு உட்காரவைத்து, நன்றியெல்லாம் சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். என் ராஜினாமாக் கடிதம். அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இத்தனை ஆண்டுகள் நல்ல மதிப்பீடு வாங்கியவனுக்குக் கடைசி முறை மட்டும் ‘வேகம் போதாது’. புதிய மென்பொருளுக்கான பயிற்சிப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கவே இல்லை. இப்போது அந்த மென்பொருள் தெரியாது என்பதுதான் என் மீதான குற்றம். எங்கள் குழுவில் போகச் சொன்ன நால்வரும் 48-ஐத் தாண்டியவர்கள். வயது என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் வரவில்லை. இதற்கு வேறு என்ன பெயர்?

கணக்குப்புலி:
வருத்தமாக இருக்கிறது நண்பரே. ஆனால் இதற்குப் பெயர் சம்பளம். நான் ஒரு துறைக்கு பட்ஜெட் போடுகிறவன். செலவைக் குறை என்று மேலிடம் சொன்னால் சம்பள வரிசையில் அடுக்கி மேலிருந்து பார்ப்பேன். பிறந்த தேதி அந்தத் தாளிலேயே இருக்காது. 1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது. 62 வயதுக்காரர், பத்தாண்டு நிறைந்து ஓய்வூதிய உரிமை கிடைக்கச் சில வாரங்கள் இருக்கும்போது நீக்கினார்கள். அது ஓய்வூதியச் சட்டப்படி தவறு, ஆனால் பணியாண்டு வேறு, வயது வேறு, அதை வைத்து மட்டும் வயதுப் பாகுபாடு என்று சொல்ல முடியாது என்றார்கள்.

ஆள்தேடுபவள்:
சம்பள வரிசையில் அடுக்கினால் வயது வரிசை தானாக வந்துவிடும் சார். தேதி எதற்கு? நான் பதினோரு ஆண்டுகளாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ‘5 முதல் 8 ஆண்டு அனுபவம்’ என்று போடுகிறோமே, அந்த 8 எதற்கு? ஒன்பதாம் ஆண்டில் மூளை மங்கிவிடுமா? பட்டம் வாங்கிய ஆண்டைக் கட்டாயமாகக் கேட்பது, ‘துடிப்பான இளம் குழு’ என்று விளம்பரம் எழுதுவது, நேர்காணல் முடிந்ததும் ‘தகுதி கூடுதலாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவது, எல்லாம் ஒரே வடிகட்டிதான். நானே செய்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை.

இருபத்தாறு:
என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். மேலே இருப்பவர்கள் நகராமல் கீழே இருப்பவர்கள் எப்படி ஏறுவது? எங்கள் அணியில் மூன்று சீனியர்கள், யாரும் அசைவதாக இல்லை. நான்கு ஆண்டுகளாக அதே பதவியில் இருக்கிறேன்.

ஆள்தேடுபவள்:
திட்டமாட்டேன் தம்பி. ஆனால் நால்வரை அனுப்பிய இடத்தில் நான்கு இளைஞர்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஒருவரை எடுத்து நால்வர் வேலையையும் அவர் தலையில் கட்டுவார்கள். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். பிரான்ஸ் 1982-இல் ஓய்வு வயதை 65-இலிருந்து 60-க்கு இறக்கியது. இளையவர்களுக்கு இடம் கிடைக்கும் என்பதும் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. இளைஞர் வேலையின்மை குறையவில்லை. பேருந்து இருக்கை மாதிரி ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்காரும் விஷயமல்ல இது.

கணக்குப்புலி:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதைப் பேசவே கூடாது என்பதும் சரியில்லை. சர்வதேசப் பயணிகள் விமானத்தை 65-க்கு மேல் ஓட்ட முடியாது. அதைப் பாகுபாடு என்பீர்களா? இன்னொன்று, வேலைப் பாதுகாப்புச் சட்டம் கூடக் கூட, ‘இவரை எடுத்தால் பிறகு அனுப்ப முடியாது’ என்று 50 வயதுக்காரரை எடுக்கவே பயப்படுவார்கள். அடி கடைசியில் அவருக்குத்தான்.

வெள்ளிமுடி:
விமானிக்கு 60-க்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. அதுவும் முதலில் 60-ஆக இருந்த வரம்பை 2006-இல் 65 ஆக்கினார்கள். என்னை யார் பரிசோதித்தார்கள்? பயிற்சி கொடுத்து, நான் தேறாமல் போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

ஆள்தேடுபவள்:
பயம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சட்டம் அவ்வளவு பலமாகவும் இல்லை. அமெரிக்காவில் 40 வயதைத் தொட்டவர்களுக்கு வயதுப் பாகுபாட்டிலிருந்து 1967-இலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. இருந்தும் 2009 தீர்ப்புக்குப் பிறகு, வயதும் ஒரு காரணம் என்று காட்டினால் போதாது, வயது இல்லையென்றால் இந்த முடிவே வந்திருக்காது என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். எனக்குப் பிடித்த ஒரே விதி 1990-இல் வந்தது. கூட்டமாக ஆட்களைக் குறைத்து, வழக்கு போடமாட்டேன் என்று எழுதி வாங்கும்போது, எந்தெந்தப் பதவியில் எத்தனை வயதுக்காரர்களை அனுப்புகிறோம், யாரை வைத்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். யோசிக்க 45 நாள், கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற 7 நாள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போதுதான் மேலாளர்களுக்கே வேர்க்கும்.

இருபத்தாறு:
சார், உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள்?

வெள்ளிமுடி:
வெள்ளிக்கிழமை வரை. இன்று புதன்.

கணக்குப்புலி:
என் கருத்து மாறவில்லை, இது செலவுக் கணக்குதான். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே விலகியதாக எழுதிக் கொடுத்தால் இழப்பீடு பேச வழியில்லை, வேலையின்மை உதவித்தொகை இருக்கும் நாடுகளில்கூட அது கிடைப்பது கஷ்டம். அனுப்புவதென்றால் அவர்கள் பெயரில், காரணம் எழுதி அனுப்பட்டும். பழைய மதிப்பீடுகள், பயிற்சிக்கு நீங்கள் கேட்டு எழுதிய மின்னஞ்சல், எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறீர்களா?

வெள்ளிமுடி:
மதிப்பீடுகள் இருக்கின்றன. பயிற்சியை வாயால்தான் கேட்டேன், இரண்டு முறை.

ஆள்தேடுபவள்:
எந்த மாதம், யாரிடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றிரவே எழுதி வையுங்கள் சார். அப்புறம் அந்த மற்ற மூவரிடமும் பேசிவிட்டு, நால்வரும் சேர்ந்தே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வெள்ளிமுடி:
ஒருவர் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். மீதி இருவருக்கும் இப்போதுதான் போன் செய்யப் போகிறேன்.