மறுமொழி: பூட்ஸ்ட்ராப் – தன்மாதிரியா, தன்கூறெடுப்பா?

அனைவருக்கும் வணக்கம். கையில் இருக்கும் ஒரே கூறிலிருந்து (சாம்ப்பிளிலிருந்து) திரும்பத் திரும்ப எடுத்து, நம் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கும் புள்ளியியல் முறைதான் பூட்ஸ்ட்ராப் (bootstrap). நம் கருத்தரங்குக் குறிப்பில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்று இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> தன்மாதிரி முறை என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணத்துத் தம்பி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். 'தன்' சரி, 'மாதிரி'தான் இடிக்கிறது. நம் கருத்தரங்கு வரிசையின் தலைப்பிலேயே மாதிரி என்றால் மாடல். அதே குறிப்பில் சாம்ப்பிளும் மாதிரி என்றால், தருமபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்வார்கள்? மேல்நிலைப் புள்ளியியலில் அவர்கள் படித்தது 'கூறெடுப்பு'. அந்தச் சொல்லையே நாமும் பிடித்துக்கொள்வோம். என் பரிந்துரை: தன்கூறெடுப்பு.

> மறுகூறெடுப்பு போதாதா?

போதாது ஐயா. மறுகூறெடுப்பு (resampling) என்பது கையில் உள்ள தரவையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறைகளின் பொதுப்பெயர். ஒவ்வோர் எண்ணாக விட்டுவிட்டுக் கணக்கிடும் ஜாக்நைஃபும் (jackknife), தரவைக் கலைத்துக் கலைத்துப் பார்க்கும் வரிசைமாற்றச் சோதனையும் (permutation test) அந்தக் குடும்பம்தான். குடும்பப் பெயரை ஒரு பிள்ளைக்கு மட்டும் வைத்துவிட்டால் மற்றவற்றுக்கு என்ன செய்வது?

> மீளிட்டு (எடுத்ததைத் திரும்பப் போட்டு) எடுப்பதுதானே இதன் உயிர்? 'மீளிட்டெடுப்பு' என்றால் என்ன?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோத்தாபுரி மாம்பழம் 20 எடுத்து எடை போடுகிறோம். இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எடை, median) கிடைத்துவிடும். அதை எவ்வளவு நம்பலாம்? இன்னொரு லோடு வரவழைக்க வழியில்லை. 20 எடைகளையும் சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். இப்படி 20 முறை எடுத்தால் ஒரு தன்கூறு. சில பழங்கள் இரண்டு மூன்று முறை வரும், சில வரவே வராது. சராசரியாக 13 பழங்கள்தான் தலைகாட்டும். இதையே கணினியிடம் 1000 தடவை செய்யச் சொல்லி, வந்த இடைநிலை அளவுகளை வரிசைப்படுத்தி, இரு முனையிலும் தலா 25 எண்களைத் தள்ளினால் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான இடைநிலை அளவு எதற்குள் இருக்கலாம் என்று மதிப்பிடும் எல்லை) கையில்.

திரும்பப் போட்டு எடுப்பது பழைய சங்கதி. கையில் இருக்கும் கூறையே முழுமைத் தொகுதியாக (population) பாவித்து அதிலிருந்து எடுக்கலாம் என்றதுதான் 1979இல் பிராட்லி எஃப்ரான் கொண்டுவந்த யோசனை. அதைச் சொல்ல 'தன்' வேண்டும். மீளிடலை வரையறையில் சொல்லிவிடலாம்.

பூட்ஸ்ட்ராப் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து ஓசூர் நண்பர் கேட்ட 'காலணிவார் முறை' பற்றி: வகுப்பில் சிரிப்புதான் வரும், விட்டுவிடுவோம்.

சொல் வளைகிறதா என்றும் பார்த்தேன். தன்கூறு, தன்கூறுகள், தன்கூறெடுப்பு இடைவெளி, தன்கூறெடுப்புத் திட்டப்பிழை (standard error) எல்லாம் வருகின்றன. 'தன்கூறெடுத்தால்' என்று வினையாக்கும்போது மட்டும் நாக்கு கொஞ்சம் தடுக்குகிறது. 'தன்கூறு எடுத்தால்' என்று பிரித்து எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் ஜாக்நைஃப். ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை விட்டுவிட்டுக் கணக்கிடுவதால் 'ஒன்றுவிட்ட கூறு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் கச்சிதம். ஆனால் நம் ஊரில் ஒன்றுவிட்ட என்றாலே சித்தப்பா பிள்ளைதான் ஞாபகத்துக்கு வருவான். 'ஒன்றுநீக்கக் கூறு' எப்படி? அதைத் தனி இழையில் பேசுவோம்.

தன்கூறெடுப்புக்கு மறுப்பு இருந்தால் புதன்கிழமைக்குள் எழுதுங்கள். வியாழன் காலையில் குறிப்பு ஜெராக்ஸுக்குப் போகிறது.