பழைய வீட்டு ஸ்டீம் ஹீட்டிங்: மாடியில் 2 ரேடியேட்டர் மட்டும் சூடாகவே இல்லை, உதவி வேண்டும்

கேள்வி:
நியூ ஜெர்சியில் 1920-களில் கட்டிய ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம், இங்கே இது முதல் குளிர்காலம். பேஸ்மென்ட்டில் கேஸில் ஓடும் ஸ்டீம் பாய்லர், அறையைச் சூடாக்கும் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரே ஒரு குழாய்தான். கீழே ஹாலில் கைவைக்க முடியாத சூடு, மாடியில் பின்பக்க அறையும் குழந்தையின் அறையும் மட்டும் சில்லென்று கிடக்கின்றன. தெர்மோஸ்டாட் ஹாலில் இருப்பதால் அங்கே 70 டிகிரி (ஃபாரன்ஹீட்) வந்ததும் பாய்லர் நின்றுவிடுகிறது. வந்து பார்த்த பிளம்பர் பிரஷரைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார், சூடு கூடவில்லை, குழாய்க்குள் டங் டங் என்று அடிக்கிற சத்தம்தான் கூடியது. இப்போது பாய்லரையே மாற்றணும் என்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்:
பாய்லரை மாற்ற அவசரப்படாதீர்கள். ஹால் அவ்வளவு சூடாகிறது என்றால் ஸ்டீம் நன்றாகவே உற்பத்தியாகிறது, மாடிக்குப் போகத்தான் வழியில்லை. பாய்லர் ஓடாத நேரத்தில் குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றிலும் காற்று நிறைந்திருக்கும். டவுன் பஸ் மாதிரிதான், உள்ளே இருப்பவர்கள் இறங்கினால்தான் வெளியே நிற்பவர்கள் ஏற முடியும்.

ரேடியேட்டரில் குழாய் சேரும் இடத்து வால்வுக்கு எதிர்க் கோடியில், காற்றை வெளியே விடச் சின்னதாக ஒரு ஏர் வென்ட் திருகியிருக்கும். பாய்லரை நிறுத்தி, ரேடியேட்டர் முழுக்க ஆறிய பிறகு அதைக் கழற்றி, நேராக நிமிர்த்திப் பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று போகவில்லை என்றால் அடைத்துவிட்டது, புதிது மாட்டிவிடலாம். சூடாக இருக்கும்போது மட்டும் கழற்றவே கூடாது, ஸ்டீம் கையைச் சுட்டுவிடும்.

அப்புறம் வால்வு. ஒற்றைக் குழாய் அமைப்பில் ஸ்டீம் ஏறுவதும் அது குளிர்ந்து தண்ணீராகி இறங்குவதும் அதே குழாயில்தான், அதனால் வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதி திறந்து வைத்தால் தண்ணீர் தேங்கும், சத்தமும் வரும். ரேடியேட்டர் வால்வுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் எதிர்ப்பக்கக் கால்களுக்கு அடியில் மெல்லிய மரத்துண்டு கொடுத்தால் போதும்.

பிரஷரைப் பழையபடி குறைக்கச் சொல்லுங்கள். வீடுகளுக்கு 0.5 பி.எஸ்.ஐ (பிரஷரின் அளவு) வந்தால் பாய்லர் கிளம்பி 1.5-இல் நின்றால் தாராளம். பிரஷரைக் கூட்டினால் சிக்கிய காற்று இன்னும் அழுந்தும், வெளியே போகாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. குழந்தை அறையின் வென்ட்டில் பெயின்ட் அப்பி ஓட்டையே அடைத்திருந்தது. புதிது மாட்டியதும் ரேடியேட்டர் கடைசிவரை சூடாகிறது! ஆனால் பின்பக்க அறையில் வென்ட்டில் காற்று போகிறது, வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது, சாய்வும் சரி, இருந்தும் அந்த அறைக்கு ஏறும் குழாயே சூடாவதில்லை.

வேறொருவர்:
அப்படியானால் பேஸ்மென்ட்டுக்குப் போங்கள். பாய்லரிலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் கூடவே நடந்து போனால், கடைசி ரேடியேட்டருக்கான கிளையைத் தாண்டி அது கீழே இறங்கிப் பாய்லருக்குத் திரும்பும். அந்த முனைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மெயின் வென்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றாலோ அடைத்திருந்தாலோ அந்த நீளக் குழாயின் காற்று மொத்தமும் ரேடியேட்டர்களின் சின்ன வென்ட்கள் வழியாகவே போகணும், பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவை முதலில் சூடாகிவிடும், கோடியில் இருப்பதற்கு முறை வருவதற்குள் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

குழாய்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோலப் பழைய உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சுரண்டாதீர்கள், பிய்க்காதீர்கள், உரிமம் உள்ளவர்களைத்தான் கூப்பிட வேண்டும். வெறும் இரும்பாக இருந்தால் 1 அங்குல ஃபைபர் கிளாஸ் உறை போடுங்கள், பாதி வழியிலேயே ஸ்டீம் தண்ணீராக மாறுவது குறையும்.

இன்னொருவர்:
வென்ட் வாங்கும்போது எல்லா அறைக்கும் ஒரே அளவு வாங்காதீர்கள். ஹாலுக்கு மெதுவானது, கோடி அறைக்கு வேகமானது. கார்ட்டன் (Gorton) என்ற பிராண்ட் வென்ட்களில் 4 மெதுவானது, 5, 6, சி, டி என்று வேகம் கூடிக்கொண்டே போகும். பழையதை வினிகரில் ஊறவைக்கச் சொல்வார்கள், சில சமயம் சரியாகும், குழந்தை படுக்கும் அறைக்கு நான் புதிதைத்தான் சொல்வேன்.

பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதி அளவு நிற்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரே தெரியாவிட்டால் பாய்லரை நிறுத்தி முழுக்க ஆற விடுங்கள். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் விரிசல் விடும்.

இடையில் ஒரு கேள்வி:
நான் நியூயார்க், குயின்ஸில் வாடகைக்கு இருக்கிறேன், இதே நிலைமை. நானே கைவைக்கலாமா?

பதில்:
பாய்லர் பக்கம் போகாதீர்கள், அது வீட்டுக்காரர் பொறுப்பு. நியூயார்க் நகர விதிப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே 68 ஆவது இருக்கணும், இரவில் வெளியே எவ்வளவு இருந்தாலும் 62. அறையில் தெர்மாமீட்டர் வைத்துத் தேதி, நேரத்தோடு குறித்துக்கொண்டு நகரத்தின் புகார் எண்ணான 311-க்குச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நீங்கள் சொன்ன இடத்தில் வென்ட்டே இல்லை, யாரோ எப்போதோ எடுத்துவிட்டு அடைப்பு போட்டிருக்கிறார்கள். வேறு பிளம்பர் வந்து அதைக் கழற்றி மெயின் வென்ட் போட்டார், பிரஷரையும் இறக்கினார். பின்பக்க அறை சூடாகிவிட்டது, டங் டங் சத்தமும் நின்றுவிட்டது. ஒரே ஒரு சந்தேகம், குழந்தை அறை வென்ட்டில் உஸ் என்று சத்தம் வருகிறதே?

பதில்:
ரேடியேட்டர் சூடாகிக்கொண்டிருக்கும்போது மெல்ல வந்தால் அது காற்று வெளியேறுவதுதான், பயமில்லை. முழுக்கச் சூடான பிறகும் உஸ் என்று ஸ்டீமோ தண்ணீரோ வந்தால் வென்ட் மூடிக்கொள்ளவில்லை, மாற்றிவிடுங்கள். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் நிறுத்தும் கருவி மிதவை வகை என்றால், வாரம் ஒருமுறை அதன் அடிவால்வைத் திறந்து சேற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்து விடணும், அந்தத் தண்ணீர் கொதிக்கும், குழந்தை பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.