இழுப்பறையில் கிடக்கும் எலித்தோலால் யாருக்குப் பயன்?

கேள்வி: கலிபோர்னியாவின் பெர்க்லியிலுள்ள முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக எலித்தோல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அவை இன்றைய காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு உதவுமா?

பதில் 1: உதவும். 1908இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல், பஞ்சடைத்த தோலின் காலில் இடமும் நாளும் எழுதிய சீட்டைக் கட்டச் செய்ததோடு, அன்றன்று கண்டதையெல்லாம் களக்குறிப்பேட்டில் பதியவும் வைத்தார். என்னைக் கேட்டால், தோலைவிட அக்குறிப்பேடே பெரிய சொத்து. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் கிரின்னல் குழுவினர் சென்ற தடத்திலேயே மீண்டும் பொறி வைத்தபோது, 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதியின் வாழிட எல்லை சராசரியாகச் சுமார் 500 மீட்டர் மேலேறியிருந்தது.

கேட்டவர்: அது தேசியப் பூங்காவாயிற்றே ஐயா, அங்கே காடழிப்பு இல்லையே?

பதில் 2: ஆகையால்தான் அச்சான்று வலுவானது; காடழிப்பு இல்லாததால், இந்த மாற்றத்துக்கு வெப்பமே காரணம் என்று கருத முடிகிறது. அங்கே குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. தாழ்விட இனங்கள் சில மேல்நோக்கிப் பரவ, உயர்மலை இனங்கள் சிலவற்றின் பரப்புச் சுருங்கியது.