பொருள்: பி.ஓ.இ. முறைக்கு ‘உடன்மின்’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

கணினிப் பிணைய வடத்திலேயே தரவோடு மின்சாரத்தையும் அனுப்பி எல்.இ.டி. விளக்குகளை எரியவைக்கும் ‘பவர் ஓவர் ஈத்தர்நெட்’ (பி.ஓ.இ.) முறைக்கு ‘ஈத்தர்நெட் மேல் மின்சாரம்’, ‘பிணையவழி மின்னூட்டம்’ என்னும் இரு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவதைக் கேட்டால் மின்சாரம் எதன் மேலோ ஏறி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டாவதில் உள்ள மின்னூட்டம், பள்ளி இயற்பியல் நூல்களில் கூலூம் அலகால் அளக்கப்படுவதற்கு உரிய பெயராக நிலைத்துவிட்டது. அதை வேறு பொருளில் புழங்கவிட்டு மாணவர்களைக் குழப்ப வேண்டாம்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சத்துவாச்சாரியில் எங்கள் மாடிப்படிக்கு விளக்குப் பட்டை ஒட்ட வந்த எலக்ட்ரீஷியன், கேமரா வேலையில் மிஞ்சிய லேன் கேபிளில் (கணினிப் பிணைய வடம்) உள்ள எட்டுக் கம்பிகளில், நான்கு இணைகளுள் ஒரே இணையில் 12 வோல்ட் அடாப்டரைச் சேர்த்துவிட்டு, “இதுவும் பி.ஓ.இ.தான் சார்” என்றார். வடம் 30 மீட்டர். பட்டைக்கு வேண்டியது 1 ஆம்பியர். இந்த மெல்லிய செம்புக் கம்பிக்கு 100 மீட்டருக்கு ஏறத்தாழ 9 ஓம் மின்தடை உண்டு என்பதால், போக வர 60 மீட்டரில் 1 ஆம்பியர் பாய வேண்டுமானால் 5 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துபோகும். பட்டை அகல்விளக்கைப் போல் மினுங்கியது. நான்கு கம்பிகளை ஒன்றாக முறுக்கி நேர்முனைக்கும், எஞ்சிய நான்கை எதிர்முனைக்கும் கொடுத்த பிறகு மின்தடை கால்பங்காகி, படி கண்ணுக்குத் தெரிந்தது. (அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வடமாக இருந்திருந்தால் இதுவும் போதாமல் போயிருக்கலாம்.)

இது லேன் வடத்தை வெறும் கம்பியாகப் பயன்படுத்தியது, பி.ஓ.இ. அன்று. 2003இல் வந்த ஐஈஈஈ (மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பு) 802.3ஏஎஃப் தரப்படி, ஸ்விட்ச் (விளக்குப் பொத்தான் அன்று, பிணைய வடங்களை ஒன்றிணைக்கும் பெட்டி) எடுத்த எடுப்பிலேயே மின்சாரத்தைத் தள்ளுவதில்லை. குறைந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை தென்படுகிறதா என்று சோதித்து, வாங்கத் தகுந்த கருவிதான் என்று உறுதியான பின்பே 48 வோல்ட் அளவில் வழங்கத் தொடங்குகிறது. அழுத்தம் கூடுவதால், பட்டைக்கு வேண்டிய அதே 12 வாட்டுக்குக் (12 வோல்ட், 1 ஆம்பியர்) கால் ஆம்பியரே போதும். முன்பு சொன்ன 30 மீட்டரில் ஒரே இணை வழியே சென்றாலும் இழப்பு ஒன்றரை வோல்ட்டைத் தாண்டாது. அன்று ஸ்விட்ச்சில் வடம் செருகும் வாயில் (போர்ட்) ஒன்றுக்கு 15.4 வாட் என்றிருந்த வரம்பு, 2018ஆம் ஆண்டுத் தரத்தில் 90 வாட் வரை உயர்ந்திருக்கிறது. ஸ்விட்ச்சுக்கு ஒரு யூ.பி.எஸ். வைத்துவிட்டால், மின்வெட்டின்போதும் அத்தனை விளக்குகளும் எரியும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

தரவோடு உடன்வரும் மின்சாரம் என்பதால் ‘உடன்மின்’ என்கிறேன். ‘மின்’ என்று முடிந்தால் மின்னலைக் குறிக்காதா என்று இலக்கணம் அறிந்தோர் கேட்கக்கூடும். நீர்மின், அனல்மின் என்று ஏற்கெனவே புழங்கிவிட்ட பிறகு அந்தக் கவலை வேண்டியதில்லை. உடன்மின் விளக்கு, உடன்மின் வடம், உடன்மின் வாயில் என்று தொடர்களும் தடையின்றி அமைகின்றன. ‘தரவுவட மின்வழங்கல்’ என்பதும் பிழையற்ற சொல்லே. ஆனால் ஏணி மேல் நிற்பவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கை வலித்துவிடும். மாடிப்படியில் நடந்ததற்குப் புதுச்சொல் தேவையில்லை, ‘லேன் வடத்தில் நேர்மின்னோட்டம்’ என்றாலே போதும்.

சாதாரண ஸ்விட்ச்சுக்கும் கருவிக்கும் நடுவே மின்சாரத்தைச் சேர்க்கும் சிறு பெட்டி ஒன்று உண்டல்லவா, அதற்கு ‘உடன்மின் சேர்ப்பி’ என்பதா, ‘உடன்மின் புகுத்தி’ என்பதா என்பதில்தான் எனக்கு இன்னும் தயக்கம். காட்பாடியில் உறவினர் கட்டும் வீட்டுக்கான மின்வரைபடத்தை இந்த வாரம் முடித்துக் கொடுக்க வேண்டும். ‘சேர்ப்பி’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பிருந்தால் அதற்குள் தெரிவியுங்கள்.