கருத்த தோல், லூபஸ் பயாப்ஸி: எது சிடி123, எது மெலனின்?

மேலூர்_ஸ்லைடு:
காதுக்குழியில் டிஸ்காய்டு லூபஸ் (தழும்பு விடும் தோல் நோய்) சந்தேகம், நல்ல கருத்த தோல், 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி. சிடி123 (பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லைக் காட்டுவது), சிடி68 (விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜைக் காட்டுவது) இரண்டும் டிஏபி என்ற பழுப்பு நிறமியில் போட்டது. மேல் டெர்மிஸ் (உட்தோல்) முழுக்கப் பழுப்பு. எதை எண்ணுவது? சிவப்பு நிறமியான ஏஇசி வாங்கித்தான் ஆகணுமா?

வைகைக்கரை:
வாங்குவதற்கு முன், அதே பிளாக்கில் அடுத்த கட் ஒன்றைப் பிரைமரி ஆன்டிபாடி (சிடி123, சிடி68-ஐத் தேடிப் பிடிப்பது) இல்லாமல் ஓட்டுங்கள். அதில் பழுப்பாகத் தெரிவது ஆன்டிபாடி கொடுத்த நிறம் இல்லை, பெரும்பாலும் தோலின் நிறப்பொருளான மெலனின். இந்த ஒரு கட்டில் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பாதிக் குழப்பம்.
டிஏபியை விட மனசில்லை என்றால் பின்னணிச் சாயமாக ஹெமடாக்சிலினுக்குப் பதில் கீம்சா போடுங்கள். மெலனின் பச்சை-நீலமாகிவிடும், டிஏபி பழுப்பாகவே நிற்கும். ஏஇசி சிவப்பு கண்ணுக்குச் சுலபம்தான், ஆனால் ஆல்கஹாலில் கரையும். கவர்ஸ்லிப் ஒட்ட டிபிஎக்ஸ் ஆகாது, கிளிசரின் ஜெல்லிதான். மெலனினைப் பெர்மாங்கனேட்டில் வெளுக்க மட்டும் போகாதீர்கள்: ஆன்டிஜென் அடிபடும், கட்டும் ஸ்லைடை விட்டுக் கழன்று மிதக்கும்.
ஃபார்மலின் பஃபர் செய்ததுதானா? இல்லையென்றால் அமிலத்தில் படியும் கரும்பழுப்புத் துகள் வேறு சேரும். போலரைஸ் பண்ணினால் அது மினுங்கும், மெலனின் மினுங்காது.

மேலூர்_ஸ்லைடு:
நன்றி அண்ணே. பஃபர் செய்ததுதான். சிடி68 எண்ணிக்கை ஏகத்துக்கு வருகிறதே?

பிளாக்_மைக்ரோடோம்:
வரத்தான் செய்யும் தம்பி. பேசல் லேயர் சிதைந்து கீழே கொட்டின மெலனினை விழுங்கியது மேக்ரோஃபேஜ்தானே, அதனால் அந்த சிடி68 பாசிட்டிவ் நிஜம். கருத்த தோலில் இவை பழைய அழற்சியின் மிச்சமாக நெடுநாள் தங்கும். இந்த எண்ணிக்கையை வைத்து நோய் மும்முரம் என்று எழுதக்கூடாது.
சிடி123-இல் ரத்தக்குழாய் எண்டோதீலியமும் லேசாக நிறம் எடுக்கும், அதை விட்டுவிடுங்கள். அடர்த்தியாக நிறமெடுத்த உருண்டைச் செல்கள் மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி, ரத்தக்குழாய் ஓரமாகக் கொத்தாக நிற்கின்றனவா பாருங்கள். பத்து, அதற்கு மேல் சேர்ந்த கொத்து லூபஸ் பக்கம் சாய்க்கும். லைக்கன் பிளானஸிலும் இந்தச் செல்கள் வரும், டெர்மட்டோமயோசைட்டிஸிலும் வரும். எச் அண்ட் ஈ (வழக்கமான திசுச் சாயம்) ஒத்துவராமல் சிடி123-ஐ மட்டும் நம்பி லூபஸ் என்று கையெழுத்துப் போடுவது ஆபத்து. சிடி123 கன்ட்ரோலுக்கு டான்சில் திசு.
டி-செல் பார்க்கப் போடும் சிடி4 மேக்ரோஃபேஜிலும் லேசாக ஏறும். டி-செல்லைக் காட்டும் சிடி3-ஐப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கணும்.

தோல்_ஓபி:
எடுக்கிற இடமும் முக்கியம். கருத்த தோலில் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. ஊதா கலந்த கருமையாகத்தான் தெரியும். நடுவில் வெளுத்துப்போன தழும்பை விட்டு, தடித்துச் செதில் கட்டியிருக்கும் ஓரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கின ஸ்டீராய்டு க்ரீம் பூசியிருந்தால் செல் கூட்டம் குறைந்து தெரியும், ரிக்விசிஷனில் அதை எழுதச் சொல்லுங்கள்.
இம்யூனோஃப்ளூரசன்ஸ் (தோலில் படிந்த ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்ப்பது) வேண்டுமென்றால் தனித் துண்டு, மிஷெல் திரவத்தில். ஃபார்மலினில் ஒருமுறை விழுந்தால் அந்தத் துண்டு அதற்கு உதவாது. தேனி, உசிலம்பட்டி பக்கமிருந்து சித்திரை வெயிலில் பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பினால் தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக் வையுங்கள், உறைய விடாதீர்கள். வெயில் படும் முகத்தோலில் லேசான ஐஜிஎம் ஆன்டிபாடிப் படிவு நல்ல தோலிலும் வரும், அதை லூபஸ் பேண்ட் (லூபஸில் தெரியும் ஆன்டிபாடிப் பட்டை) என்று எழுதிவிடாதீர்கள்.