லபீதின் "காட்டுப்பசு"வைத் தமிழில் என்னவென்று சொல்வது?

பழைய அரபுக் கவிஞர் லபீதின் முஅல்லகா என்ற நெடும்பாட்டைத் தமிழாக்கி வருகிறேன். 88 ஈரடிகளில் பாதிக்கு வந்த இடத்தில் ஒரு விலங்கு வழிமறித்து நிற்கிறது. மூன்று வாரமாகிறது.

தன் பெண் ஒட்டகத்துக்கு உவமையாக அவர் சொல்வது "வஹ்ஷிய்யா". நேர்ப்பொருள் காட்டுப்பசு. உண்மையில் அது அரேபிய ஓரிக்ஸ்: வெள்ளை உடம்பு, நீண்டு நேரான கொம்பு. கன்றைப் பறிகொடுத்து, ஏழு நாள் தேடி அலைந்து, மடி வற்றிப்போகிறாள். மழை இரவில் அவள் நடமாடுவது நூல் நழுவிய முத்து மின்னுவதுபோல் இருக்கிறதாம். அப்புறம் வேட்டைநாய்கள் துரத்த, திரும்பி நின்று கஸாப், ஸுகாம் என்ற இரு நாய்களையும் கொம்பால் குத்திச் சாய்க்கிறாள். (அரபுக் கவிதையில் இந்த விலங்கு புகழ்ப்பாட்டில் பிழைக்கும், இரங்கற்பாவில் நாய்களிடம் சாகும் என்று பழைய அரபு எழுத்தாளர் ஜாஹிஸ் கவனித்திருக்கிறார். அவ்வளவு மரபைச் சுமக்கும் விலங்கு. ஆகவே பெயர் சின்ன விஷயமில்லை.)

"காட்டுப்பசு" போட்டேன், படித்த நண்பர் காட்டெருமை என்று நினைத்துவிட்டார், முத்து உவமை பாழ். "மான்" சரிவராது, அதே பாட்டில் பல்லக்குப் பெண்களுக்கு உவமையாக வஜ்ரா என்ற இடத்து மான்கள் தனியாக வருகின்றன. "இரலை" தொல்காப்பியப்படி ஆண்பாற்பெயர், தாய்க்கு ஆகாது. "ஓரிக்ஸ்" காதில் உயிர்க்காட்சிசாலைப் பலகைபோல் விழுகிறது.

மிச்சம் "மரையா". மரை என்ற காட்டுவிலங்கின் பெண்ணை "ஆ" என்பது தொல்காப்பிய மரபு. பசுவும் அதில் ஒட்டியிருக்கிறது. ஆனால் இலங்கையில் மரை என்றால் வேறு விலங்கு, கொம்பும் கிளைத்தது.

மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. பாட்டில் "மரையா" என்று போட்டு அடிக்குறிப்பில் ஓரிக்ஸை விளக்கினால், உங்கள் மனக்கண்ணில் அந்த வெள்ளை விலங்கு வருமா?